காஸ்வே கடற்கரை: ஒரு தடவை டூர் பஸ்ஸில், ஒரு தடவை நடந்து

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் இருந்துகொண்டு வடக்குக் கடற்கரையைக் காட்டாமல் திருப்பி அனுப்பினால் காலத்துக்கும் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று ஏப்ரலில் ஒரு நாள் டூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், நான் விசாரித்தவரை இந்த வழியில் போகிற எல்லோருமே கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் நிறுத்துகிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பஸ் சுத்தம், ஹீட்டர் வேலை செய்தது, ஓட்டுநரே வழிகாட்டி, மனிதர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். ஃபின் மெக்கூல் என்கிற அயர்லாந்து அரக்கன் ஸ்காட்லாந்து அரக்கனோடு சண்டை போடக் கடலுக்குக் குறுக்கே கல்பாதை போட்டானாம், அதுதான் ஜயண்ட்ஸ் காஸ்வே, அரக்கனின் பாதை. வருகிறவன் தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்ததும் பயந்து வீட்டுக்கு ஓடிவர, அவன் பெண்டாட்டி அவனுக்குக் குழந்தை மாதிரி துணி சுற்றித் தொட்டிலில் போட்டுவிட்டாள். குழந்தையே இந்த சைஸ் என்றால் அப்பன் எப்படி இருப்பான் என்று வந்தவன் பாதையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே ஓடிவிட்டான். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா, "அப்ப அந்தப் பொம்பளைதான்டா வீரன்" என்றார். அன்றைய டூரில் அவருக்கு முழுசாகப் பிடித்தது இந்தக் கதை ஒன்றுதான்.

என் புகார் நேரத்தைப் பங்கு போட்ட விதத்தைப் பற்றி. டார்க் ஹெட்ஜஸுக்கு நாற்பது நிமிஷம். அது 18ஆம் நூற்றாண்டில் ஸ்டூவர்ட் குடும்பத்தார் தங்கள் மாளிகைக்குப் போகிற வழியில் நட்ட பீச் மரச்சாலை, டிவி தொடரில் வந்த பிறகு உலகப் புகழ். மரங்களுக்கு வயதாகிவிட்டது, புயலில் விழுந்தது போக 2023இல் பாதுகாப்புக்காக ஆறு மரங்களை வெட்டினார்கள். பார்க்க அழகுதான், ஆனால் படம் எடுக்க நிற்கிற கூட்டத்தில் யாருடைய படத்திலும் மரம் இருக்காது, முதுகுதான் இருக்கும். டன்லூஸ் கோட்டைக்கோ பத்தே நிமிஷம், அதுவும் சாலையோரத்தில் நின்று தூரத்திலிருந்து பார்க்க. உள்ளே கூட்டிப்போகவே இல்லை. கேட்டதற்கு, "நாங்கள் இதை போட்டோ ஸ்டாப் என்றுதானே போட்டிருக்கிறோம்" என்றார்கள். இணையதளத்தில் பார்த்தேன், அப்படித்தான் போட்டிருந்தது. சரி, என் தப்பு.

கேரிக்-எ-ரீட் கயிற்றுப் பாலம் அன்று காற்றுக்காக மூடியிருந்தது. இதற்கு யாரையும் திட்ட முடியாது. சால்மன் மீன் பிடிக்கிறவர்கள் சின்னத் தீவுக்குப் போக 1755 வாக்கில் முதலில் கட்டிய பாலம், இருபது மீட்டர் நீளம், கீழே முப்பது மீட்டரில் கடல். முன்பெல்லாம் பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டும்தான் கயிறு, அதில் மீனையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இப்போதிருக்கிற பாலம் உறுதியானது, ஆனாலும் காற்று பலமாக அடித்தால் விடமாட்டார்கள். டிக்கெட்டை நேரம் குறித்து முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஜயண்ட்ஸ் காஸ்வேயில் ஒன்றேகால் மணி நேரம் கொடுத்தார்கள். சுமார் நாற்பதாயிரம் கறுப்பு எரிமலைப் பாறைத் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம், தேடினால் ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் கிடைக்கும். வற்றிய குளத்தில் சேறு காய்ந்து வெடிக்கிறதே, அதே சங்கதிதான். அறுபது மில்லியன் வருஷத்துக்கு முன்னால் ஓடிய எரிமலைக் குழம்பு மெதுவாக ஆறும்போது சுருங்கி வெடித்தது, வெடிப்பு அப்படியே கீழ்நோக்கி இறங்கித் தூணாகிவிட்டது. 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். எல்லாம் சரி, ஆனால் மூன்று பஸ் கூட்டம் ஒரே நேரத்தில் இறங்கினால் அது பாறையாகத் தெரியாது, கல்யாண மண்டபப் படிக்கட்டாகத்தான் தெரியும். அம்மா இரண்டு கல் ஏறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்கவில்லை, முகம் கேட்டது. அவருடைய முட்டிக்கு, கீழே போய்வர ஓடுகிற குட்டி பஸ் பெரிய உதவி, அதற்குத் தனிக் கட்டணம்.

அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா ஊருக்குப் போன பிறகு ஜூனில் நானும் என் மனைவியும் டூர் கீர் எதுவும் இல்லாமல் கிளம்பினோம். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து கோல்ரெய்னுக்கு ரயில், அங்கிருந்து கடற்கரையோரமாக ஓடுகிற 402 பஸ். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரமே இல்லை.

முதலில் டன்லூஸில் இறங்கி டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். கரையிலிருந்து பிளந்து நிற்கிற பாறைமேல் கோட்டை, நடுவில் பள்ளம், அதைத் தாண்ட ஒரு பாலம். மெக்குவிலன் குலத்தாரிடமிருந்து மெக்டானல் குலத்தார் பிடுங்கிய இடம். 1639இல் விருந்து நடந்துகொண்டிருந்தபோது சமையலறை ஆட்களோடு கடலில் விழுந்தது, வீட்டுக்காரி இனி இங்கே இருக்கமாட்டேன் என்று கிளம்பிவிட்டாள் என்பது எல்லா வழிகாட்டிகளும் சொல்கிற கதை, எங்கள் ஓட்டுநரும் ரசித்துச் சொன்னார். உள்ளே போனால் சமையலறை அடுப்போடு அங்கேயே நிற்கிறது! விழுந்தது வடக்குச் சுவர், அதுவும் 18ஆம் நூற்றாண்டில். அந்தப் பக்கம் நின்றால் மீதி மூன்று சுவர், நான்காவது இடத்தில் கடல். பத்து நிமிஷ போட்டோ ஸ்டாப்பில் இது எப்படித் தெரியும்?

அப்புறம் அதே பஸ்ஸில் டன்செவரிக். அங்கே கோட்டை என்று மிச்சமிருப்பது வாசல் பக்கத்தின் ஒரு துண்டுச் சுவர்தான், பார்க்கக் காசு இல்லை. விஷயம் அங்கிருந்து மேற்கே காஸ்வே வரை மலைமுகட்டோரமாகப் போகிற பாதை, ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். நாங்கள் நின்று நின்று நடந்து மூன்றரை மணி நேரம் ஆனது. ஒரு பக்கம் ஆட்டு மேய்ச்சல், மறு பக்கம் சுமார் நூறு மீட்டர் கீழே கடல். ஹாமில்டன் சீட் என்கிற முனையில் பாறை அடுக்கடுக்காகத் தெரியும், கறுப்புத் தூண்களுக்கு நடுவே செம்புராங்கல் நிறத்தில் ஒரு பட்டை. ஒரு எரிமலைக் குழம்பு ஓடி முடிந்து அடுத்தது வருவதற்குள் வெப்பமும் ஈரமுமான காலத்தில் பாறை மக்கிச் சிவந்த மண் அது. அங்கேதான் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம், காற்றில் முதல் வாய் பறந்தே போனது.

இன்னும் கொஞ்சம் போனால் கீழே ஒரு சின்ன வளைகுடா, பெயரே ஸ்பானியர்களின் துறை. 1588இல் ஸ்பெயினின் ஆர்மடா போர்க்கப்பல் படையில் மிச்சமான ஹிரோனா கப்பல், வேறு கப்பல்களில் பிழைத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு சுமார் 1300 பேரோடு பக்கத்துப் பாறையில் மோதி உடைந்தது. தப்பியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அதிலிருந்து எடுத்த பீரங்கிகளைத்தான் டன்லூஸ் கோட்டையில் வைத்துக்கொண்டார்கள். 1967இல் ஒரு பெல்ஜியக்காரர் முங்கிக் கண்டுபிடித்த தங்கமெல்லாம் பெல்ஃபாஸ்ட்டின் அல்ஸ்டர் மியூசியத்தில் இருக்கிறது, மாணிக்கம் பதித்த ஒரு குட்டித் தங்கப் பல்லி உட்பட. காலையில் பார்த்த கோட்டை அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. டூர் பஸ் இந்தப் பக்கமே வராது, வரவும் முடியாது.

162 படி இறங்கிக் காஸ்வே கற்களுக்கு வந்தபோது மணி ஏழு தாண்டிவிட்டது. ஒரு பஸ்ஸும் இல்லை, மொத்தம் பத்துப் பேர் இருந்திருப்போம். கற்களைப் பார்க்கக் கட்டணமே கிடையாது, காசு வாங்குவது வண்டி நிறுத்தவும் மேலே இருக்கிற கண்காட்சிக்கும்தான். இதை டூரில் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

ஆக, முட்டிவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் டூர் பஸ்ஸிலேயே போங்கள், ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். நடக்க முடிகிறவர்கள் வேண்டாம். மலைமுகட்டுப் பாதையில் பல இடங்களில் வேலி இல்லை, ஓடுகிற வயதுக் குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள். கடலோரம் கறுப்பாக ஈரமாகத் தெரிகிற கற்களில் கால் வைக்காதீர்கள், என் மனைவி வைத்தாள், ஒரு வாரம் நொண்டினாள். கடைசி 402 எப்போது என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்க்கவில்லை, கோல்ரெய்னுக்கு டாக்ஸி பிடித்த காசில் இன்னொரு டூர் டிக்கெட்டே வாங்கியிருக்கலாம்.