'மெரிட் ஸ்காலர்ஷிப் உத்தரவாதம்' என்று கட்டணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவிருக்கும் பெற்றோர், மெரிட் ஸ்காலர்ஷிப் (குடும்ப வருமானத்தைப் பார்க்காமல், மதிப்பெண்ணையும் திறமையையும் வைத்துத் தரும் உதவித்தொகை) நிச்சயம் என்று சொல்லி முன்பணம் வாங்கும் ஆலோசகர்களிடம் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக எங்களுக்கு நேர்ந்ததைப் பதிவு செய்கிறேன்.

நானும் என் கணவரும் வேலையில் இருப்பதால், மகளுக்காக ஃபாஃப்சா என்ற அரசின் கல்வி நிதியுதவி விண்ணப்பப் படிவத்தை நிரப்பியபோது நாங்கள் கட்ட முடியும் என்று கணக்கு காட்டிய தொகை, உண்மையில் எங்களால் இயன்றதைவிட மிக அதிகமாக இருந்தது. ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் அந்தத் தொகையைக் குறைக்கும் பழைய வழக்கமும் 2024-25 கல்வியாண்டிலிருந்து நின்றுவிட்டதால், மகன் ஏற்கெனவே கல்லூரியில் படிப்பது எங்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி போதாது என்றான பிறகுதான், தெரிந்தவர்கள் மூலம் அறிமுகமான ஆலோசகர் ஒருவரிடம் 3,000 டாலர் கட்டினோம்.

அவர் கொடுத்த கல்லூரிப் பட்டியலில் ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் எம்ஐடியும் இருந்தன. இவை மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்து மட்டுமே உதவுகின்றன என்பதை அவற்றின் இணையதளங்களே வெளிப்படையாகச் சொல்கின்றன. அதே பட்டியலில் இருந்த சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மெரிட் தொகைக்குப் பரிசீலிக்கப்பட நவம்பர் தொடக்கத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அவரோ ஜனவரி வரை அவகாசம் உண்டு என்று எங்களை நிம்மதியாக உட்கார வைத்துவிட்டார். பணத்தைவிட அந்த வாய்ப்பு போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

கடைசியில் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து மகளுக்கு நல்ல தொகை ஒன்று வந்தது. தான் பேசியதால்தான் அது கிடைத்தது என்று கூறி, அதற்காக ஆலோசகர் தனிக் கட்டணம் கேட்டார். பள்ளி மதிப்பெண் சராசரியையும் எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணையும் வைத்து வெளிமாநில மாணவர்களுக்குத் தானாகவே வழங்கப்படும் தொகை அது. யாருக்கு எவ்வளவு என்ற அட்டவணை பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே இருக்கிறது. ரேஷன் கடையில் எல்லோருக்கும் அளக்கும் அரிசியைத் தன் சிபாரிசில் கிடைத்ததாகச் சொல்லிக் கூலி கேட்டதைப் போலிருந்தது.

எந்தக் கல்லூரி தாராளமாகத் தருகிறது என்று அறிய, பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் ஆவணத்தில் எச்2ஏ பகுதியைப் பாருங்கள். நிதித் தேவை இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி தன் பணத்திலிருந்து உதவியது, சராசரியாக எவ்வளவு கொடுத்தது என்பவை அங்கே இருக்கும். உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று தோராயமாகக் காட்டும், கல்லூரித் தளங்களில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரும் இலவசம்தான். தொகை நான்கு ஆண்டுகளுக்கும் உண்டா, அதைத் தக்கவைக்க எந்த மதிப்பெண் சராசரி தேவை, கட்டணம் ஆண்டுதோறும் உயரும்போது தொகையும் உயருமா என்பவற்றைக் கல்லூரியிடமே எழுத்தில் கேளுங்கள்; எங்கள் ஆலோசகர் இவற்றில் ஒன்றைக்கூட எழுப்பவில்லை.

ஸ்காலர்ஷிப் உத்தரவாதம், கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற பேச்சையே மோசடியின் அடையாளமாக, நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குறிப்பிடுகிறது. ஆலோசகர் எங்களிடம் வாயால் சொன்ன அந்த வாக்குறுதி ஒப்பந்தத்தில் இல்லை. அதில் 'வழிகாட்டுதல் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்றே இருந்தது. கமிஷனிடமும் மாநில நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் அளித்திருக்கிறோம். பணம் இதுவரை திரும்பவில்லை.