பிளேன்ரீ சுமார், பெனால்டிச் சண்டை பிரமாதம்

திருகோணமலையில் உதைபந்து பார்க்க ஒரு தேத்தண்ணிக் கடை தேடுகிறவர்களுக்கு இது. ஏகாம்பரம் மைதானத்துப் பக்கம் ஒரு குறுக்கு வீதியில் இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளிறி எழுத்தே தெரியாது, மேட்ச் போடுகிற கடை என்று கேட்டால் ஓட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார்.

பிளேன்ரீ சீனிப்பாகு மாதிரி. மீன் ரோல்ஸ் பரவாயில்லை. இவற்றுக்காக யாரும் அங்கே போவதில்லை.

போவது றிமோட்டுக்காக. பெனால்டி ஒன்று விழுந்தால் முதலாளி அண்ணை, மேட்ச் முடிந்ததும் யூடியூபில் அந்த இடத்தைத் தேடி எடுத்து நிறுத்தி நிறுத்திக் காட்டுவார், அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கடையில் யாவாரம் இல்லை. இன்னமும் மாதத்தில் ஒரு தடவையாவது திரையில் வருவது ஆர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய 2022 உலகக் கிண்ண இறுதி. கடைசியில் ஆர்ஜென்டினாவின் மொண்டியேல் முழங்கையில் பந்து பட்டதில் யாருக்கும் சந்தேகமில்லை, சண்டை எல்லாம் பிரான்சின் டெம்பெலே ஆர்ஜென்டினாவின் டி மரியாவைத் தொட்ட அந்த முதல் பெனால்டியில்தான். அண்ணை மெதுவாக ஓட்ட ஓட்ட அது பெரிய ஃபவுல் ஆகிக்கொண்டே போகும்.

சுவரோரம் வாங்கில் இருக்கும் மாஸ்டர், ஒருகாலத்தில் பாடசாலை மேட்ச்களுக்கு விசில் ஊதியவர், அப்போதுதான் வாய் திறப்பார். "எங்க பட்டது எண்டு பார்க்க மெதுவா ஓட்டு. எவ்வளவு பலமாப் பட்டது எண்டு பார்க்க அப்பிடியே ஓட விடு தம்பி." சும்மா சொல்லவில்லை, வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் நடைமுறையிலேயே அப்படித்தான் இருக்கிறது. சாதாரண வேகத்தில் பார்த்தபோது எனக்கு அது பெனால்டி இல்லை. கிண்ணியாவிலிருந்து பைக்கில் வந்த பெடியன்கள் ஆர்ஜென்டினா ஆட்கள், என்னோடு அன்றைக்கு முழுக்கக் கதைக்கவில்லை.

குக்குரேயா இரவை மறக்க முடியாது. 2024 யூரோ காலிறுதி, ஸ்பெயினும் ஜெர்மனியும் 1-1, மேலதிக நேரம், இங்கே நள்ளிரவு நெருங்குகிறது. ஜெர்மனியின் முசியாலா அடித்த பந்து ஸ்பெயினின் குக்குரேயா கையில் பட்டது, நடுவர் அன்ரனி டெய்லர் பெனால்டி கொடுக்கவில்லை. மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்து, கை உடம்போடு ஒட்டி இருந்ததா விலகி இருந்ததா என்று நடித்துக் காட்டப் போய் பாதியை என் சேர்ட்டில் ஊற்றினார். "விலகித்தான் இருந்தது, பெனால்டி" என்றார். அப்புறம் செப்டம்பரில் ஐரோப்பிய உதைபந்துச் சங்கமான யூஈஎஃப்ஏயின் நடுவர் குழுவே கொடுத்திருக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் கடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார். ஸ்பெயின் அதற்குள் கிண்ணமே எடுத்துவிட்டது.

ஒரே ஒரு பெரிய குறை. அண்ணை மேட்சை இன்டர்நெட்டில் போடுகிறார், அது அரை நிமிடம் பிந்தும். எதிர்க் கடையில் டிஷ். இங்கே பந்தை இன்னும் புள்ளியில் வைத்துக்கொண்டிருப்பார்கள், அங்கே "கோல்" என்று கத்திவிடுவார்கள். 11 மீற்றர் தூரத்தில் கோலி எந்தப் பக்கம் பாய்வான் என்று நகத்தைக் கடிக்கிற அந்தச் சுகம் போச்சு. டிஷ் போடச் சொல்லி எத்தனை தடவை கேட்டாச்சு, மனுசன் சிரிக்கிறார்.

சம்பியன்ஸ் லீக் இரவுகளில் பின்கதவால் போங்கள். ரோல்ஸ் பத்து மணிக்கே முடிந்துவிடும்.