கரண்ட் வைக்கும் நாட்களில் வயிற்றுக்கு எது: மோரா, சாஷேயா, கீரையா?

சித்திக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தார்கள். மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. காத்திருக்கும் கூடத்தில் எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில் இருக்கும். மூத்திரப்பை நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே ஒதுங்கி, கதிரிலிருந்து கொஞ்சம் தப்பும். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் வைத்தியமும் கைமாறும். ஓர் அக்கா மோர் என்பார். இன்னொருவர் மெடிக்கலில் வாங்கிய புரோபயாடிக் சாஷேயை, அதாவது நல்ல பாக்டீரியா அடைத்த சிறு பொட்டலத்தை, காட்டுவார். "கீரை, காய் பக்கமே போயிடாதீங்க" என்பார் மூன்றாமவர்.

கதிர் குடலின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது, அதை வெளியிலிருந்து நிரப்பினால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். கணக்கு அப்படியில்லை. இடுப்புப் பகுதிக்குத் தினம் 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவில், மொத்தம் 45 முதல் 50 கிரே வைக்கிறார்கள். ஊசி, கையுறை போன்றவற்றைக் கதிரால் கிருமிநீக்கம் செய்ய வழக்கமாகக் கொடுப்பது 25,000 கிரே! பாக்டீரியா அவ்வளவு கெட்டி. முதலில் அடிபடுவது குடலின் உள்தோல்தான். அது உதிர, பித்த உப்பு சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வழிகிறது, சாப்பாடும் குறைந்துவிடுகிறது. இருக்கிற இடமும் தீனியும் கெட்டதால் நல்ல கூட்டம் சுருங்க, எதையும் தாங்குகிற கூட்டம் பெருகுகிறது.

மோரின் பலம் அதிலுள்ள பாக்டீரியாவைவிட, பால் சர்க்கரை குறைவு என்பதில் இருக்கிறது. அடிபட்ட சிறுகுடலுக்குப் பால் ஜீரணிப்பது கஷ்டம். தயிராக உறையும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி புளித்துக் குறைந்துவிடும். கூடவே நீரும் உப்பும் சேர்கிறது. ஆனால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2008-இல் ஸ்பெயினில், கரண்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா சேர்த்த புளித்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். மலம் சற்றுக் கெட்டியானது. வயிற்றுப்போக்கு வந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை.

சாஷேக்குச் சாட்சி இன்னும் பலமானது. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் கரண்ட் வைத்துக்கொண்ட 490 பேர். சாஷே எடுத்தவர்களில் 31.6 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 51.8 சதவீதத்தினருக்கும் வயிற்றுப்போக்கு. ஆனால் அதில் இருந்தது எட்டு வகை பாக்டீரியா, ஒரு சாஷேயில் 45,000 கோடி. நம் கையில் இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்; ஒரே வகை, எண்ணிக்கையும் அதன் பக்கத்தில் நெருங்கவில்லை. இன்னொரு சிக்கல், சித்திக்கு வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை விழுந்திருக்கும்போது உயிருள்ள பாக்டீரியாவை விழுங்கினால், அபூர்வமாக அதுவே ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடும். டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கீரை வேண்டாம் என்றவரின் பேச்சுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது; தேடிப் பார்த்தால் உண்மை எதிர்த்திசையில் இருந்தது. நார்ச்சத்தைக் குறை என்பது பழைய ஆஸ்பத்திரி வழக்கம். லண்டன் ராயல் மார்ஸ்டன் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்துக்கொண்ட 166 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கவிழ்த்தது. தினம் 18 கிராமுக்கு மேல் நார் சாப்பிட்டவர்களுக்கு, வழக்கமான சாப்பாட்டுக்காரர்களைவிட வயிற்றுத் தொல்லை குறைவு, ஓராண்டு கழித்தும். நாரைக் குறைத்தவர்களுக்கு லாபமில்லை. நாரைத் தின்னும் பாக்டீரியா உண்டாக்கும் ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் உள்தோலுக்குச் சாப்பாடு. புதிதாக ஆள் இறக்குவதைவிட, மிச்சமிருப்பவர்களுக்குச் சோறு போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதற்காக ஒரே நாளில் கட்டுக் கீரையை வதக்கி வைத்துவிடக் கூடாது. டயட்டீஷியனைக் கேட்டு, குழைந்த பாசிப்பருப்பு, தோல் சீவிய பீர்க்கங்காய், வாழைப்பழம் என்று ஆரம்பித்தோம். மோரும் இருந்தது, பெருங்காயம் மட்டும் போட்டு. சாஷே பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.