எல்லா மாற்றமும் பதிவாகும் என்று நம்பி 1,40,000 ரூபாய் போச்சு, பெங்களூருவில் கடை வைத்திருப்பவர்கள் உஷார்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது. சிக்பேட்டையில் பாத்திரக் கடை எங்களுக்கு. பில், கடன் பாக்கி எல்லாம் பிரவுசரில் ஓடுகிற மாதிரி ஒரு மென்பொருள் செய்ய, வெப்சைட் செய்து தரும் ஒரு சின்ன கம்பெனிக்கு 1,40,000 ரூபாய் கொடுத்தேன். போன வாரம் பார்த்தால் ஒன்பது பேருடைய பாக்கி சைபர். யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், ஒன்றும் தெரியவில்லை.

அது தெரிய வேண்டும் என்றுதான் அவ்வளவு பணமே கொடுத்தேன். வந்த தம்பி தர்மபுரிப் பக்கம், இந்த ஊரில் தமிழில் பொறுமையாக விளக்க ஒரு ஆள் கிடைத்ததே என்று மனசு இளகிவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து ஒரு பில்லை மாற்றச் சொன்னான். மாற்றினேன், கறுப்புத் திரையில் உடனே ஒரு அப்டேட் வரி, நேரத்தோடு விழுந்தது. "இன்சர்ட், அப்டேட், டெலிட் எது நடந்தாலும் இங்க விழுந்துடும்ணா, யாரும் தப்ப முடியாது" என்றான். அங்கேயே முழுத் தொகைக்கும் செக் எழுதினேன்.

இப்போது அந்த வரி எங்கே என்று கேட்டால், திங்கள்கிழமை "டீம் பார்க்குது சார்" (அண்ணா போய் சார் ஆகிவிட்டேன்). புதன்கிழமை "டிஸ்க் நிறைஞ்சிடும்னு லாக்கை நிறுத்தினோம்" (லாக் என்றால் அந்த வரிகள் விழுகிற பதிவேடு). ஒரு நாளைக்கு நூறு பில்கூடப் போடாத கடையில் எப்படி நிறையும்? வெள்ளிக்கிழமை "அதுக்கு வருஷ மெயின்டனன்ஸ் கட்டணும்". அப்புறம் போனே எடுக்கவில்லை.

அக்கா மகன் சர்வரை, அதாவது எங்கள் மென்பொருள் ஓடுகிற கம்ப்யூட்டரை, திறந்து பார்த்தான். பில், பாக்கி எல்லாம் சேர்ந்திருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸிலாம். அதில் லாக் ஸ்டேட்மென்ட் என்று ஒரே ஒரு அமைப்பை 'மாட்' என்று வைத்தால் போதும், எழுதுகிற கட்டளைகள் எல்லாம் பதிவாகும். அது, நிறுவும்போது எப்படி வருமோ அப்படியே 'நன்' (எதையும் பதிவு செய்யாதே) என்று கிடந்தது. அன்றைக்கு நான் பார்த்தது அந்தத் தம்பியின் லேப்டாப்பில் ஓடியது மட்டும்தான். சரி, 'மாட்' வைத்திருந்தாலும் ஆள் யார் என்று தெரிந்திருக்காதாம், ஏனென்றால் மென்பொருள் எல்லாருக்காகவும் டேட்டாபேஸுக்குள் ஒரே பயனர் பெயரில்தான் போகிறது, கடைப் பையனின் பெயரை மென்பொருளே தனியாக எழுதி வைக்க வேண்டும். அதுவும் இல்லை. அப்படியென்றால் "யாரும் தப்ப முடியாது" என்றது முதல் நாளே பொய். அதற்கு 1,40,000 ரூபாய்!

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சர்வரில் நீங்களே ஒரு பில்லை மாற்றுங்கள், அந்த வரியையும் ஆள் பெயரையும் காட்டினால்தான் பணம். லாக்கின் நகல் வேறு இடத்துக்கும் போகட்டும். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், நேரமில்லை, கைநோட்டை வைத்துக்கொண்டு ஒன்பது பேரையும் கூப்பிட வேண்டும். அதில் இரண்டு பேர் இப்போதே "உங்க கம்ப்யூட்டர்லயே சைபர்னுதானே காட்டுது" என்கிறார்கள்.