எமரால்டு அணைக்கரையில் டென்ட் என்று 3,500 ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள்

ஊட்டிப் பக்கம் மலையேற்றம் கூட்டிப்போகிறோம் என்று எங்களிடம் பணம் வாங்கிய இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதியும் புண்ணியமில்லை, நாங்கள் போய் வந்த பத்தே நாளில் அது பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. பெயரை வைத்து அவர்களைப் பிடிக்க முடியாது என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன். இதே மாதிரி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் உஷாராகிவிடுங்கள்.

மார்ச் முதல் வாரம். திருப்பூரில் இருந்து ஐந்து பேர் கிளம்பினோம்: நான், மனைவியின் தம்பி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், அலுவலக நண்பர்கள் இரண்டு பேர். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தது மச்சான்தான். 'அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளைச் சுற்றி 12 கிலோமீட்டர் சோலைக்காட்டு நடை, இரவு ஏரிக்கரையில் டென்ட், கேம்ப் ஃபயர், வனத்துறை அனுமதி உண்டு' என்று போட்டிருந்தார்கள். ஆளுக்கு 3,500, முழுப் பணமும் முன்கூட்டியே ஜிபேயில். அதுபோக வண்டிக்கு இ-பாஸ் எடுத்துத் தர 200 ரூபாய் தனி.

அந்த 200 ரூபாயிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நீலகிரிக்கு 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் கட்டாயம், ஆனால் அதற்குக் காசு கிடையாது. போனில் ஐந்து நிமிடத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். கல்லாறு சோதனைச் சாவடியில்தான் எனக்கு இது தெரிந்தது. வண்டிக்கு யாரும் பாஸ் எடுத்திருக்கவில்லை. சாவடியில் நின்றபடியே என் மகள் எடுத்துக் கொடுத்தாள். 'அப்பா, இது ஃப்ரீ' என்று அவள் சொன்னபோது மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எங்கள் மேல் இருக்கும் தப்பையும் சொல்லிவிட வேண்டும். முதலில் நாங்கள் பார்த்தது தமிழ்நாடு அரசின் மலையேற்ற இணையதளத்தைத்தான். 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய திட்டம் அது. அவலாஞ்சியில் இருந்து கோலாரிபெட்டா, தேவர்பெட்டா போகும் பாதைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம், எல்லாப் பாதையும் மூடல் என்று அங்கே இருந்தது. 'மூடியிருக்காங்களே' என்று கேட்டேன். 'அது கவர்மெண்ட்டு மாமா, இவங்க பிரைவேட்டு' என்றான் மச்சான். நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். நாற்பத்தாறு வயது எனக்கு. வனத்துறை பூட்டி வைத்த காட்டுக்கு வேறொருவன் எப்படிச் சாவி வைத்திருப்பான் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் 17,500 ரூபாய் பாக்கெட்டிலேயே இருந்திருக்கும்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் எங்களைக் கூட்டிப்போக வந்தவனுக்கு இருபது வயது இருக்கும். நல்ல பையன். அடையாள அட்டை எதுவும் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை, ஒரு டார்ச் மட்டும் வைத்திருந்தான். 'அவலாஞ்சி கேட்ல இன்னைக்குக் கூட்டம்ணா, நாம எமரால்டு பக்கமா போயிரலாம்' என்றான். வனத்துறை கேட் பக்கமே போகாமல் இருப்பதற்கு அது சாக்கு என்று அப்போது தோன்றவில்லை. ஒரு தேயிலைத் தோட்டத்தின் பின்புறம் வண்டியை நிறுத்தச் சொல்லி, வேலி பிரிந்திருந்த இடத்தில் உள்ளே கூட்டிப் போனான்.

சோலைக்காடு என்று சொன்னார்கள் அல்லவா, நாங்கள் நடந்தது முழுக்கச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும். இரண்டுமே வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து நட்டவை. சோலை, அதாவது இயற்கையாக வளர்ந்த காடு, எதிர்மலை மடிப்பில் கரும்பச்சையாகத் தூரத்தில் தெரிந்தது. கால் வைத்த இடமெல்லாம் காய்ந்த பட்டை, காய்ந்த பெரணி. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

அப்புறம் அந்த ஏரிக்கரைப் பாதை. அந்தப் பக்கத்தில் போட்டிருந்த வரைபடத்தில் தண்ணீர் ஓரமாகவே அழகாக ஒரு சிவப்புக் கோடு போகும். அங்கே போய்ப் பார்த்தால் பாதையே இல்லை, இருக்கவும் முடியாது. நாம் ஏரி என்று சொல்கிற இரண்டுமே அணைகள், குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டியவை. மழைக்கும் மின் உற்பத்திக்கும் தக்கபடி தண்ணீர் ஏறும், இறங்கும், கரையும் கூடவே நகரும். மழைக்காலத்தில் அந்தச் சிவப்புக் கோடு தண்ணீருக்குள் இருக்கும். கோடையில் தண்ணீர் உள்வாங்கிய இடம் மேலே வெடித்த செம்மண்ணாகத் தெரியும், அடியில் சேறு. காய்ந்த தரை என்று நினைத்து நண்பர் ஒருவர் ஒரு வளைவைக் குறுக்கே கடக்கப் பார்த்தார். நாலாவது எட்டில் முழங்கால் வரை இறங்கிவிட்டது. காலை இழுக்க இழுக்க மற்ற காலும் இறங்கியது. அந்தப் பையன் பதறிப்போய் நேராக ஓடி வந்தான், அவனும் கணுக்கால் வரை மாட்டிக்கொண்டான். கயிறு இல்லை. டென்ட் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து, அவரை மல்லாக்கப் படுத்தாற்போலச் சாயச் சொல்லி இழுத்தோம். கால் மணி நேரம் பிடித்தது. ஒரு ஷூ இன்னும் எமரால்டு அணைக்குள்தான் இருக்கிறது. அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார், பயத்தில் வருகிற சிரிப்பு.

12 கிலோமீட்டர் என்றது மொத்தமே நான்கு கூட வந்திருக்காது. சாயங்காலம் கரையில் இரண்டு டென்ட். நாங்கள் பணம் கட்டியது மூன்றுக்கு. சாப்பாடு பரோட்டா, ஊட்டியில் கட்டியது, ஆறிப்போயிருந்தது. இதெல்லாம் சில்லறை விஷயம், விடுங்கள்.

இருட்டியதும் பையன் சீகை விறகு பொறுக்கி நெருப்பு மூட்டினான். குளிருக்கு இதமாகத்தான் இருந்தது. பின்னால் முப்பது அடியில் காய்ந்த பெரணிப் புதர். காற்று தண்ணீர்ப் பக்கம் இருந்து காட்டை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. பொறி ஒவ்வொன்றும் மேலே போய் அந்தப் பக்கமாகவே திரும்பியது. 'குரங்கணி நடந்ததும் மார்ச்லதானே அப்பா' என்று மகள் கேட்டாள். 2018 மார்ச் 11. தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அவள் கேட்டதும் நான் எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். ஒரு லிட்டர்.

எங்கள் நெருப்பு எதிர்க்கரைக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மரங்களுக்கு நடுவே இரண்டு டார்ச் வெளிச்சம் வந்தது. வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பெரியவர் எங்களிடம் எதுவும் பேசவில்லை, முதலில் நெருப்பை மண் தள்ளி மூடி, தண்ணீர் ஊற்றி, கையை வைத்துச் சூடு பார்த்தார். அதன் பிறகுதான் எங்களை எண்ணினார். 'இந்த மாசத்துல நாங்களே பீடி பத்த வைக்க மாட்டோம்' என்றார். அனுமதி கேட்டதும் பையன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். எங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்த அதே ரசீதுதான், நாங்கள் பெரிதாக்கிப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்தார். 'இது அவலாஞ்சில வண்டியில சுத்திக் காட்டுறதுக்குக் குடுக்குற டிக்கெட்டு. தேதியப் பாருங்க, நவம்பர்.'

'நாங்க பணம் கட்டியிருக்கோம் சார்' என்றார் நண்பர்.

'யாருக்கு?'

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு ஜிபே எண்ணுக்கு.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம், அதிலும் தீ மூட்டியது தனி. டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு இருட்டில் வெளியே நடந்தோம். மறுநாள் வனத்துறை அலுவலகத்தில் ஆளுக்கு 3,000 அபராதம். ஏமாற்றியவன் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை. ஐந்து ரசீதிலும் அவரவர் அப்பா பெயர், ஊர், ஆதார் எண். நாங்கள் ஏமாந்த வாடிக்கையாளர்கள் என்பது அந்த மேசையில் செல்லுபடியாகாது, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. உள்ளே கால் வைத்தது நாங்கள்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'வனத்துறை நடவடிக்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி வந்தது, பிறகு பிளாக். சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பார்க்கலாம். நீங்கள் கட்டுவதற்கு முன் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்: அதில் உங்கள் பெயர், போகும் தேதி, பாதையின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். 'லோக்கல் பர்மிஷன்', 'ஸ்பாட்ல பாத்துக்கலாம்' என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மூடிய காலத்தில் தேதி கொடுக்கிறவனிடம் இதைக்கூடக் கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பையனுக்கு இரண்டு நாளைக்கு 800 ரூபாய் பேசியிருந்தார்களாம், அதுவும் கைக்கு வரவில்லை. அவனுக்கும் அபராதம் போட்டார்கள், நாங்கள் ஐந்து பேரும் சேர்த்துக் கட்டினோம். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டான். 'அடுத்த தடவை அவங்ககிட்ட போகாதீங்கண்ணா. நேரா எனக்குக் கூப்பிடுங்க. ஆயிரம் ரூபாய்க்கு நானே கூட்டிட்டுப் போறேன், வேற வழி இருக்கு.'