அட்வான்ஸ் டாக்ஸ்: நாலு தவணையா, ஒரே தவணையா?

மதுரை கே.கே. நகரில் சொந்தமாக பிளான் போட்டுக் கொடுக்கும் ஒரு சிவில் இன்ஜினியரை எடுத்துக்கொள்வோம். டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டிவிடும் வரி) போக ஆண்டு வருமான வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே, அதை அட்வான்ஸ் டாக்ஸாக, அதாவது வருஷம் முடியும் முன்பே, கட்ட வேண்டும். அவருக்கு இந்த வரி 60,000 ரூபாய் வருகிறது என்று வைப்போம்.

வழக்கமான வழியில் ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுசும். அதாவது 9,000, 27,000, 45,000, 60,000 என்று ஏறும். மொத்தத்தையும் மார்ச் 15 அன்று கட்டினால் முந்தைய மூன்று தவணைக்கும் மாதம் 1 சதவீதம் வீதம் மும்மூன்று மாத வட்டி: 270, 810, 1,350. ஆக 2,430 ரூபாய் தண்டம்.  டிசம்பர் தவணைதான் கையைக் கடிக்கும்.

உத்தேச வருமான முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டு, மார்ச் 15இல் ஒரே தவணையாகக் கட்டலாம். வட்டி கிடையாது, கணக்குப் புத்தக வேலையும் மிச்சம். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்.

தனியாக, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு இதுதான் லாபம். ஆபீஸ் வாடகை, இரண்டு டிராஃப்ட்ஸ்மேன் சம்பளம் எல்லாம் போய் நிஜத்தில் 30 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்றால் கதை வேறு. வராத லாபத்துக்கு வரி கட்டுவதைவிட, கணக்கு எழுதி, தேவைப்பட்டால் ஆடிட்டும் செய்து, நாலு தவணையில் கட்டுவதே மேல்.