ஆறு வருஷம், ஒரு போல்ட், மூன்று எலெக்‌ஷன்

பெங்களூர் சிவாஜிநகரில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் பாய் பட்டறையிலிருந்து என் .22 ரைஃபிள் போன சனிக்கிழமைதான் வீடு வந்து சேர்ந்தது. அதே வாரம் ஆபீசில் பக்கத்து சீட்டுப் பையன், "அண்ணா, நானும் லைசென்ஸ் போட்டு ஒரு போல்ட் ஆக்‌ஷன் எடுக்கலாம்னு இருக்கேன், எப்படி?" என்று கேட்டு வைத்தான். ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட் என்ற எஃகுத் தாழைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியைத்தான் அப்படிச் சொல்வது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை, அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

துப்பாக்கி செக்கோஸ்லோவாக்கியா பிர்னோ, மாடல் 2, அஞ்சு ரவுண்டு மேகசின். விவரம் தெரிந்தவர்களுக்கு இது போதும். அப்பா கே.ஜி.எஃப். சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில், எழுபதுகளில், ஊரைக் காலி செய்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம் வாங்கியது. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம் என்று 2016 ஆயுத விதிகளில் இருக்கிறது. அந்த வழியில்தான் 2018 கடைசியில் என் பெயருக்கு வந்தது. அதற்காக நடந்த நடையை எழுதினால் இந்தக் கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த போல்ட்டின் கைப்பிடிக் குமிழில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னும், அப்பாவின் விரல் பட்டுப் பட்டு வந்த தேய்மானம். என் விரலும் இப்போது அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. தூக்கி, இழுத்து, காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு) தரை விரிப்பில் "டிங்" என்று விழ, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால், எண்ணெய் போட்ட கதவு மாதிரி மூடிக்கொள்ளும். ஆறு வருஷத்தில் எனக்கு இது ஒரு நாளும் சலிக்கவில்லை. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பித்தான் அளவுதான். ஒரு ரவுண்டு போனதும் கை போல்ட்டுக்குப் போயே ஆகவேண்டும், அந்த நேரத்தில் மூச்சு இறங்கும், கன்னம் கட்டையிலிருந்து லேசாக விலகும், போன குண்டு ஏன் இடது பக்கம் போனது என்று மனசு ஒரு கணக்குப் போட்டுவிடும். இந்தத் தாமதம்தான் என்னை ஓரளவுக்காவது சுடத் தெரிந்தவனாக்கியது என்று நினைக்கிறேன். பனிச்சறுக்கும் குறி சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டிக்காரர்கள் சுட்டுவிரலால் இழுத்து, கட்டைவிரலால் தள்ளி, கண் இமைப்பதற்குள் அடுத்த ரவுண்டைப் போடுகிறார்கள். அதுவும் கையால் இயக்குவதுதான், ஆனால் பனியில் சறுக்கிக்கொண்டு வரும் அவசரம் எனக்கு எதற்கு.

மெல்போர்னில் ஒரு நண்பன் இருக்கிறான், அவனும் கே.ஜி.எஃப். பையன்தான். 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அந்த நாட்டு அரசு செமி ஆட்டோமேட்டிக்குகளையும் (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் வகை) பம்ப் ஷாட்கன்களையும் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது, ஆறு லட்சத்துக்கும் மேல். அதற்கப்புறம் சாதாரண ஆளுக்கு மிஞ்சியது பெரும்பாலும் போல்ட், லீவர் (விசைக்கு அடியிலிருக்கும் நெம்பியைக் கையால் இறக்கி ஏற்றுவது) மாதிரி, ஒவ்வொரு ரவுண்டுக்கும் கை வேலை செய்தாக வேண்டிய வகைகள்தான். இவன் லீவர் வைத்திருக்கிறான். "மச்சி, பழகிட்டா செமிக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாதுடா" என்று பீற்றிக்கொள்வான். அந்தப் பேச்சுதான் அவர்களுக்கே வினையாய் முடிந்தது. லீவர் ஷாட்கன் ஒன்று ரொம்ப வேகம் என்று அங்கே பெரிய சண்டையாகி, அஞ்சு ரவுண்டுக்கு மேல் பிடிக்கும் லீவர் ஷாட்கன்களை 2016 கடைசியில் ஏறக்குறைய யாருக்கும் கிடைக்காத வகைக்குத் தள்ளிவிட்டார்கள். மாற்று என்று வாங்கியதை, பழையதற்குச் சமம் என்று நீயே விளம்பரம் செய்தால் சட்டம் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்யும்? நான் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

நம் ஊரில் கதை வேறு. கையால் இயக்குவது என்பதால் மட்டும் இங்கே எதுவும் பாஸாகிவிடாது. .303 ரைஃபிளும் போல்ட் ஆக்‌ஷன்தான், ஆனால் ராணுவத் தோட்டா போகிற துளை அளவு, அதனால் தடைப் பட்டியல். ராணுவத் தோட்டா வெளி ஆள் கைக்குப் போகக்கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துப் பயம் இது. இச்சாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை அதே .303-இன் லீ என்ஃபீல்டு உடம்பில் .315 குழாயை மாட்டிப் பொதுமக்களுக்குக் கொடுத்ததும் இதனால்தான். வட இந்தியக் கிராமங்களில் பார்க்கும் "த்ரீ ஃபிஃப்டீன்" அதுதான். போல்ட்டும் வேண்டும், துளை அளவும் ஒத்துவர வேண்டும், அப்புறம் உனக்கு எதற்கு என்ற கேள்விக்குப் பதிலும் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்று எழுத முடியாது. தற்காப்பு என்றால் .22 ரைஃபிளைப் பார்த்து விசாரணைக்கு வந்தவரே சிரிப்பார். மிஞ்சுவது குறி சுடும் விளையாட்டு.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாளே ஏரியா ஸ்டேஷனிலிருந்து போன் வரும், "சார், கன் டெபாசிட் மாடி" என்று, அதாவது தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஒப்படை. ஆளுக்கு ஆள் பார்த்து, தேவை இருந்தால்தான் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு வந்த போன்களில் அந்தப் பார்வை எதையும் நான் காணவில்லை. 2019-இல் ஒரு தடவை, 2023 சட்டசபைக்கு ஒரு தடவை, மூச்சு விடுவதற்குள் 2024 மார்ச்சில் மறுபடி. பெங்களூருக்கு ஏப்ரல் 26-ஆம் தேதியே ஓட்டு முடிந்துவிட்டது, ஆனால் நாடு முழுக்க எண்ணி முடிக்க ஜூன் ஆனது, அதுவரை என் துப்பாக்கி ஒரு ஆயுதக் கடை அறையில் கிடந்தது. மாநகராட்சித் தேர்தலைப் பல வருஷமாக நடத்தாமல் இழுத்தடித்ததில் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஸ்டேஷனைக் கூடக் குறை சொல்ல மாட்டேன், அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்து ரசீது எழுதித்தான் அனுப்பினார்கள். என் கோபம் வாடகை வாங்கிக்கொண்டு வைத்திருந்த கடையின் மேல்தான்.

ஜூனில் எடுத்து வந்து ரேஞ்சில் முதல் ரவுண்டு போட்டேன், குண்டு போனது, கேஸ் வரவில்லை. போல்ட் காலியாக வந்தது. குச்சி விட்டுத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ரவுண்டும் அப்படியே. துரு என்று நினைத்து நன்றாகத் துடைத்தேன், எக்ஸ்ட்ராக்டர் (காலி கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) தேய்ந்துவிட்டது என்று ஒருத்தர் சொன்னதைக் கேட்டுப் பழைய பாகம் தேடி இரண்டு மாதம் அலைந்தேன், இந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைப்பது திருப்பதியில் தொலைந்த செருப்பு கிடைப்பது மாதிரி. கடைசியில் பாய்.

பாய் பாகத்தைப் பார்க்கவே இல்லை. சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) வாயைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அப்புறம் என் சுட்டுவிரல் நகத்தைப் பிடித்து, வாயின் ஓரத்தில் ஓர் இடத்தில் வைத்து இழுக்கச் சொன்னார். நகம் இடறியது. எள்ளில் பாதி கூட இருக்காது அந்த மேடு.

"தம்பி, தோட்டா இல்லாம யாரோ தட்டித் தட்டி விளையாடியிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல."

.22 தோட்டாவுக்கு வெடிமருந்தைப் பற்றவைக்கும் மசாலா நடுவில் இருக்காது, விளிம்பில் இருக்கும். அதனால் "பின்" என்கிற அடிக்கும் ஊசி வந்து விழுவதும் ஓரத்தில்தான். தோட்டா இருந்தால் அந்தப் பித்தளை அடியை வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் அந்த ஊசி நேராக சேம்பர் ஓரத்து எஃகில் விழும். அடிக்க அடிக்க எஃகு உள்பக்கமாய்ப் பிதுங்கும், சுட்டதும் உப்பும் கேஸ் அந்தப் பிதுக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அப்பா நாற்பது வருஷம் வைத்திருந்தார், காலியாக ஒரு தடவை தட்டவிட்டதில்லை, சின்ன வயதில் நான் தட்டியதற்கு முதுகில் வாங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடையில் எவனோ மூன்று மாதம் பொழுது போகாமல் "டிக் டிக்" என்று தட்டியிருக்கிறான். கடையில் கேட்டதற்கு, கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்கள். ரசீதில் "நல்ல நிலையில்" என்று அவர்களே எழுதியிருப்பதைக் காட்டினேன், அது எல்லோருக்கும் எழுதுவதுதானாம்.

பாய் அந்த மேட்டை அரம் போட்டுத் தேய்க்கவில்லை. தேய்த்தால் அந்த எஃகு போனது போனதுதான். கூம்பு மாதிரி ஒரு கருவியைச் செருகி, பிதுங்கியதை வந்த இடத்துக்கே அமுக்கித் தள்ளினார். இருபது நிமிஷ வேலை. கூலி கேட்டால் சிரிப்பீர்கள், நான் அலைந்த ஆட்டோ காசில் பாதி. ஞாயிற்றுக்கிழமை ஐம்பது ரவுண்டு போட்டேன், ஐம்பது கேஸும் டிங் டிங் என்று விழுந்தன.

இத்தனைக்கும் பிறகு பையனுக்கு என் பதில், வாங்காதே. துப்பாக்கி அருமை, ஒரு குறையும் இல்லை, வாங்காதே. குறி சுடும் ஆசைதானே, 4.5 மில்லிமீட்டர் துளை, குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸே வேண்டாம், பத்து மீட்டரில் ஒரு வருஷம் சுடு. எலெக்‌ஷன் வந்தால் உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், உன் பொருளை எவன் கையிலும் கொடுத்துவிட்டு ஜூன் வரைக்கும் தூக்கம் கெட வேண்டாம்.

அப்படியானால் நீங்கள் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். போன மாதம் லைசென்ஸ் உள்ள ஒருத்தர் விலைக்குக் கேட்டார், நல்ல விலைதான். துப்பாக்கி பட்டறையில் கிடக்கிறது, வந்ததும் பேசலாம் என்று சொல்லி வைத்தேன். இப்போது வந்துவிட்டது. அவர் நேற்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், இன்னும் எடுக்கவில்லை.